லண்டனில் ஒரு குரங்குக் கச்சேரி

கென்சிங்டன் சர்ச் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அதிலும் பீங்கான் கடைகள் நிறைய. சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு போன என்னை ஒரு குரங்கு நிறுத்திவிட்டது. ஒரு சாண் உயரம்கூட இல்லை. தலையில் விக், உடம்பில் பூப்போட்ட கோட்டு, கையில் பிடில், முகத்தில் மட்டும் பெரிய வித்வான் தோரணை.

உள்ளே போனேன். தோள்பையை வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டு, கடைக்காரர் அதை எடுத்துக் காட்டினார். லண்டனின் செல்சி பகுதியில் இருந்த ஆலையின் பீங்கானாம், 1756 வாக்கில் செய்தது. அடியில் சிவப்பாக ஒரு நங்கூரம், சீரகம் அளவுதான் இருக்கும், அதுதான் அந்தக் காலத்துச் செல்சி முத்திரை.

குரங்கு செல்சிக்காரர்களின் சொந்தக் கற்பனை இல்லை, பார்த்துச் செய்ததுதான். ஜெர்மனியின் மைசென் ஆலையில் கெண்ட்லர் என்ற சிற்பி 1753-ஐ ஒட்டி முழு குரங்கு இசைக்குழுவையே வடித்தார். அதில் ஒரு குரங்கு முதுகில் முரசுகளைச் சுமக்க, பின்னால் நிற்பது அடித்து நொறுக்கும். பிரெஞ்சு அரசரின் காதலி பொம்பதூர் சீமாட்டியே ஒரு செட் வாங்கியிருக்கிறார். விருந்து முடிந்து இனிப்பு வரும்போது மேஜையில் அடுக்கி வைக்கத்தான் இதெல்லாம், அதற்கு முன் அந்த இடத்தில் சர்க்கரையில் செய்த பொம்மைகள் இருந்தன.

எனக்கென்னவோ அசலைவிட நகல்தான் பிடிக்கிறது. மைசென் பீங்கான் கெட்டி, அதில் ஒவ்வொரு முடியும் கூராகத் தெரியும். செல்சியில் களிமண்ணோடு கண்ணாடித் தூள் கலந்த மென்பீங்கான், மேலே மெருகும் தடிமன், அதனால் விரல்களெல்லாம் லேசாகக் கரைந்தாற்போல் இருக்கின்றன. இந்தப் பிடில்காரன் சுதி சேராமல்தான் வாசிப்பான் என்று பார்த்தாலே தெரிகிறது! விலை கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது.

அப்புறம் பஸ் பிடித்துத் தேம்ஸ் கரைப்பக்கம் லாரன்ஸ் தெருவுக்குப் போனேன். லியெஜ் ஊரிலிருந்து வந்த வெள்ளி ஆசாரி நிக்கோலஸ் ஸ்ப்ரிமாண்ட் நடத்திய செல்சி ஆலை அங்கேதான் இருந்தது. 1770-இல் டெர்பி ஆலைக்காரர் டியூஸ்பெரி வாங்கினார், 1784-இல் மூடிவிட்டார்கள். இப்போது செங்கல் வீடுகள், சுவரில் ஒரு நீலப் பலகை, அவ்வளவுதான். பலகையில் ஆலையின் பெயர் இருக்கிறது, அங்கே குடியிருந்த ஒரு நாவலாசிரியர் பெயரும் இருக்கிறது, குரங்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.