விரகனூர் ரவுண்டானாவும் மஸ்கட் மாமாவும்

ரவுண்டானாவுக்குள்ள எப்பிடிப் போகணும்னு மதுரையில யாரும் யாருக்கும் சொல்லிக் குடுத்ததா எனக்குத் தெரியல, லைசென்ஸ் எடுக்கப் போனா எட்டுப் போடச் சொல்லுவாங்க, வட்டம் போடச் சொல்ல மாட்டாங்க. நம்மூர் விதி ரொம்ப சிம்பிள், யார் வண்டி பெருசோ அவரு முதல்ல, யாரு ஹாரன் சத்தமோ அவரு அடுத்து, ஷேர் ஆட்டோ மட்டும் எப்பவுமே எல்லாருக்கும் முன்னாடி. பழங்காநத்தமா இருந்தாலும் விரகனூரா இருந்தாலும் இதான் நடக்குது, ஏதோ ஓடிக்கிட்டும் இருக்கு. இந்த ஊருக்குள்ள உண்மையான விதிய அச்சுப் பிசகாம தெரிஞ்சு வச்சிருக்க ஒரு மனுசன் ஸ்டியரிங்கப் பிடிச்சு உக்காந்தா என்னாகும்னு போன மாசம் பக்கத்து சீட்டுல இருந்து பாத்தேன்.

அக்கா பையனுக்குத் திருப்புவனத்துல காதுகுத்து. தாய்மாமன் நான், எம் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும், நான் போகாம ஆசாரி ஊசிய எடுக்க முடியாது. அப்பா கிடா ரெண்டையும் ஏத்திக்கிட்டு வெள்ளனவே கிளம்பிட்டாரு. நானும் அம்மாவும் மஸ்கட் மாமா கார்ல, கூட அத்தை. மஸ்கட் மாமான்னா அம்மாவோட அண்ணன், ஓமன்ல ஒரு ஆயில் கம்பெனி கான்ட்ராக்டுல வருசக்கணக்கா ஹெவி டிரைவர், ஊரோட வந்து உக்காந்து இப்பத்தான் கொஞ்ச நாளாகுது. அங்க டிஃபென்சிவ் டிரைவிங் டிரெய்னிங் பாஸ் பண்ணாத்தான் வண்டிச் சாவியையே கையில தருவாங்களாம், அந்த அட்டைய இன்னமும் பர்சுல மீனாட்சி படத்துக்குப் பின்னாடி பத்திரமா வச்சிருக்காரு.

அவனியாபுரத்துல இருந்து ரிங் ரோட்டப் பிடிச்சு வந்தோம். விரகனூர் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், நாங்க வர்ற பக்கம் இருந்து பாத்தா இடது கைப்பக்கம் தெப்பக்குளம், நேரா போனா வைகைப் பாலம் தாண்டி பாண்டி கோயில், மாட்டுத்தாவணி, வலது கைப்பக்கம் சிலைமான், திருப்புவனம், அப்பிடியே ராமேஸ்வரம். ரவுண்டானா இன்னும் கண்ணுலயே படல, மாமா வேகத்தக் குறைச்சு வலது இண்டிகேட்டரப் போட்டு வலது ஓரத்து லேனுக்கு வந்துட்டாரு.

"மாப்ள, லேன உள்ள போயி தேடக்கூடாது, வெளிய வச்சே முடிவு பண்ணிரணும். இடது போறவன் இடது லேன். நேரா போறவன் பலகை என்ன சொல்லுதோ அது, ஒன்னும் சொல்லலனா இடது லேன்தான் நல்லது. வலது போறவனும் யூ டர்ன் அடிக்கிறவனும் உள் லேன், திட்டை ஒட்டி. உள்ள போனப்புறம் லேன் மாத்துனா அம்புட்டுதான்."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க"ன்னு அத்தை பின்னாடி இருந்து.

வட்டத்துக்கு வாசல்ல போயி வண்டிய நிப்பாட்டிட்டாரு. ஏன்னா ஏற்கனவே உள்ள சுத்திக்கிட்டு இருக்கிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, நம்ம ஊர்ல நமக்கு வலது பக்கம் இருந்து வர்றவன். இது ஏதோ மஸ்கட் சட்டம்னு நினைக்காதீங்க, 2017-ல வந்த நம்ம மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறையிலயும் இதேதான் இருக்கு. என்ன, மஸ்கட்ல வண்டி எல்லாம் ரோட்டுக்கு வலது பக்கம் போகும், அதனால ரவுண்டானாவ நம்ம பாஷையில சொன்னா அப்பிரதட்சணமா சுத்தணும், இடது பக்கம்தான் பாக்கணும். ஏர்போர்ட்டுக்கு அங்கிட்டு புர்ஜ் அல் சஹ்வா மணிக்கூண்டுன்னு ஒரு பெரிய ரவுண்டானா இருக்காம், அதுல எத்தனையோ வருசம் சுத்துன கழுத்து, முதல்ல இடது பக்கம் தானா ஒரு வெட்டு வெட்டிட்டுத்தான் வலது பக்கம் வருது. நம்மூர் ரவுண்டானா கோயில் பிரகாரம் சுத்துற மாதிரி, நடுவுல இருக்கிறது எப்பவும் வலது கைப்பக்கம். கோயில்ல ஒருத்தரும் தப்பா சுத்தி நான் பாத்ததில்ல, ரோட்டுக்கு வந்தாத்தான் மறந்து போகுது.

மாமா நிக்கிறாரு, வலது பக்கம் இருந்து வண்டி வந்துக்கிட்டே இருக்கு. எங்களுக்குப் பின்னாடி ஹாரன் ஒன்னுல ஆரம்பிச்சு கச்சேரியாகிப் போச்சு. இவரு அசையல. "ஆளே இல்லாத ராத்திரியிலயும் கோட்டுல நின்னு பாத்துட்டுத்தான் போவோம்"ங்கிறாரு. பைக்ல வந்த ஒரு தம்பி எறங்கி வந்து கண்ணாடியத் தட்டுனான், வையப் போறான்னு பாத்தா, "அண்ணே, வண்டி நின்னுருச்சா, தள்ளி விடவா?"ங்கிறான். மதுரைக்காரன் பாசக்காரன்யா. மாமா பொறுமையா "இல்ல தம்பி, வழி விடுறேன்"னாரு. அந்தப் பய யாருக்குன்னு சுத்தி முத்தி தேடிப் பாத்துட்டுப் போனான்.

ஒரு வழியா இடைவெளி கிடைச்சு உள்ள போயி திட்டை ஒட்டி அழகா சுத்துனாரு. தெப்பக்குளம் வாய் தாண்டியாச்சு, பாண்டி கோயில் வாய் தாண்டியாச்சு, தாண்டுன உடனே வலது இண்டிகேட்டர நிப்பாட்டிட்டு இடது இண்டிகேட்டர், இடது கண்ணாடி, அப்புறம் தோளுக்கு மேல திரும்பி ஒரு பார்வை, எல்லாம் பாடத்துல இருக்க மாதிரியே. ஆனா இடது பக்கம் வெளி லேன்ல ஒரு டவுன் பஸ்சு, அத ஒட்டி ஷேர் ஆட்டோ, அதுக்கு நடுவுல தண்ணி மாதிரி பைக்கு. நியாயமா வெளி லேன்ல வர்றவங்க எல்லாம் வெளிய போகணும், ஆனா ஒருத்தரும் போகல, வெளி லேன்லயே முழு வட்டமும் வர்றாங்க. ஷேர் ஆட்டோ அதுக்கும் மேல, வட்டத்துக்குள்ளயே நிப்பாட்டி ரெண்டு பாட்டிங்களையும் ஒரு கீரைக்கட்டு மூட்டையையும் இறக்கி விட்டு சில்லறை வேற எண்ணிக்கிட்டு இருக்காரு. வேற யாரா இருந்தாலும் மூக்க நுழைச்சு ஒரே வெட்டா வெட்டிப் போயிருப்பாங்க. மாமா வெட்டல. "வழி தப்புனா உள்ள நிக்கவும் கூடாது, ரிவர்சும் எடுக்கக் கூடாது, இன்னொரு சுத்து சுத்தி வரணும், அதுதான் முறை"ன்னு சொல்லிட்டு திருப்புவனத்துக்கு டாட்டா காட்டிட்டுத் திரும்பவும் சுத்த ஆரம்பிச்சுட்டாரு.

அடுத்த சுத்துலயும் வழி கிடைக்கல. அதுக்கு அடுத்ததுல ஒரு டிரெய்லர் லாரி. அதுக்குப் பக்கத்துல மாமா போகவே மாட்டேன்னுட்டாரு.

அதுக்குள்ள அக்கா போன் மேல போன். "டேய் எங்கடா இருக்க, நல்ல நேரம் முடியப் போகுது, ஆசாரி அடுத்த வீட்டுக்குப் போகணும்ங்கிறாரு." விரகனூர்னேன். "அப்பவும் விரகனூர்ன்னுதானடா சொன்ன?" உண்மைதான், என்ன சொல்றது. ஓரத்துல இளநிக்கடை போட்டிருந்த அண்ணன் எங்கள அடையாளம் கண்டுக்கிட்டு ஒவ்வொரு தடவையும் அரிவாளத் தூக்கி சலாம் வைக்க ஆரம்பிச்சுட்டாரு.

அத்தை பொங்கிருச்சு. "இத்தன சுத்து சாமியச் சுத்தியிருந்தா புண்ணியமாவது சேந்திருக்கும். ஒரு சிக்னலப் போட்டுத் தொலைஞ்சா என்ன, எவன் கண்டுபிடிச்சான் இந்த வட்டத்த?"

இதுதான் தப்பு, மாமாகிட்ட கேள்வியே கேக்கக் கூடாது. "நாலு ரோடு சும்மா சந்திக்கிற எடத்துல வண்டியும் வண்டியும் முட்டிக்கிறதுக்கு 32 எடம் இருக்கு, ஒத்த லேன் வட்டமா மாத்துனா 8 தான். ரெண்டு மூனு லேனு ஆக்குனா எட்டோட நிக்காது, கூடும், அதனாலதான் லேன் முக்கியம்ங்கிறேன். அப்பிடியே முட்டுனாலும் வேகம் குறைச்சல், பக்கவாட்டுல ஒரசிட்டுப் போகும், நேருக்கு நேர் வராது" அப்பிடின்னு அவரு சொல்லி வாய மூடல, எதுத்தாப்புல டிவிஎஸ் ஃபிப்டில ரெண்டு பக்கமும் பால் கேனோட ஒரு பெரியவர் நேருக்கு நேர் வந்துட்டாரு. சுத்திப் போனா தூரமாம், அதனால இப்பிடியே வந்துட்டாராம். மாமா பிரேக்க மிதிச்சு ஒதுங்குனாரு, பெரியவர் எங்களப் பாத்து "பாத்து வாங்கய்யா"ன்னு அட்வைஸ் பண்ணிட்டுப் போறாரு. ஒம்பதாவது எடம்.

அப்பவாவது பேச்ச நிப்பாட்டுனாரா? இல்ல. இங்கிலாந்துல முன்னாடி வெளிய இருந்து வர்றவன் பாட்டுக்கு உள்ள நுழைஞ்சுக்கிட்டே இருந்தானாம், உள்ள இருக்கிறவன் வெளிய போக முடியாம மொத்த வட்டமும் பூட்டிக்கிருமாம், 1966-லதான் உள்ள இருக்கிறவனுக்கு வழி விடணும்னு விதி போட்டு சரி பண்ணுனாங்களாம். அங்க ஸ்விண்டன்னு ஒரு ஊருல 1972-ல ஒரு ரவுண்டானா கட்டியிருக்காங்க, ஒரு பெரிய வட்டத்தச் சுத்தி அஞ்சு குட்டி வட்டம், குட்டி வட்டத்த எல்லாம் வழக்கம் போலவும் நடு வட்டத்த எதிர்த்திசையிலயும் சுத்தணுமாம். அம்மா ரொம்ப நேரம் யோசிச்சுட்டு "அந்த ஊருக்காரங்க விசேஷ வீட்டுக்கு எப்பண்ணே போய்ச் சேருவாங்க?"ன்னுச்சு. நான் எங்கயோ படிச்சத எடுத்து விட்டேன், பாரிஸ்ல அந்தப் பெரிய வளைவச் சுத்தி 12 ரோடு சேருற வட்டத்துல இன்னமும் வெளிய இருந்து நுழையிறவனுக்குத்தான் முன்னுரிமைன்னு. நம்மாளுங்கள அங்க கொண்டு போயி விட்டா டெஸ்டே இல்லாம லைசென்ஸ் குடுத்துருவாங்க.

கடைசில முடிச்சு வச்சது அம்மாதான். பாண்டி கோயில் வாய் தாண்டி மாமா இடது இண்டிகேட்டரப் போட்ட நேரம், அம்மா பின் சீட்டு இடது கண்ணாடிய முழுசா இறக்கிருச்சு. வளையல் போட்ட கையத் தோள் வரைக்கும் வெளிய நீட்டி "ஏப்பா டிரைவர் தம்பி, எம் பேரனுக்குக் காதுகுத்துப்பா, தாய்மாமன் இந்தா உள்ள உக்காந்திருக்கான், கொஞ்சம் நில்லு சாமி"ன்னு பஸ் டிரைவரப் பாத்து ஒரு சத்தம். அம்புட்டு பெரிய பஸ்சு அப்பிடியே நின்னுச்சு. பஸ்சு நிக்கவும் ஷேர் ஆட்டோ நின்னுச்சு, ஷேர் ஆட்டோவே நின்னதப் பாத்து மிரண்டு போயி பைக்கெல்லாம் நின்னுருச்சு. கண்டக்டர் படியில தொங்கிக்கிட்டு "ஏய் தாய்மாமன் வண்டிப்பா, விடுங்க விடுங்க"ன்னு சவுண்டு. ஜன்னலோரம் இருந்த பொம்பளையாளுங்க எல்லாம் குனிஞ்சு என் மூஞ்சியப் பாக்குறாங்க.

"பாப்பா, கைய உள்ள எடு! வண்டிக்கு வெளிய கை நீட்டக் கூடாது, ஒரசிட்டுப் போனா என்னாகும்? டிரெய்னிங்ல இதெல்லாம்..."னு மாமா கத்துறாரு. சொன்னது சரிதான். ஆனா கத்திக்கிட்டே கண்ணாடி பாத்து, தோளுக்கு மேல பாத்து, கிடைச்ச வழியில வெளிய வந்துட்டாரு.

காதுகுத்து நல்லபடியா முடிஞ்சது, பையன் எம் மடிய ஈரமாக்குனது தனிக்கதை. முதல் பந்தி போயிருச்சு, ரெண்டாம் பந்தியில உக்காந்தோம். மச்சானோட தம்பி எல்.எல்.ஆர். போடப் போறேன்னு வாய் தவறிச் சொல்லிட்டான். மாமா தண்ணி டம்ளர இலை நடுவுல கவுத்து வச்சாரு, அது திட்டு. சுத்தி சோத்த ஒதுக்கி ரெண்டு லேன். ஒரு நல்லி எலும்பத் தூக்கி டிரெய்லர்ன்னாரு. "பாரு மாப்ள, மூக்கு வெளி லேன்ல போகுது, பின் சக்கரம் மூக்கு போன தடத்துல வராது, திட்டுப் பக்கமா அறுத்துக்கிட்டு வரும். அந்த எடத்துல நீ பைக்க வச்சிருந்தன்னா..." டம்ளருக்கும் எலும்புக்கும் நடுவுல இருந்த ஈரல் துண்டு நசுங்குனதப் பாத்து அந்தப் பையன் சாப்பிடுறதையே நிப்பாட்டிட்டான். நெசமாவே எனக்கும் அப்பத்தான் மண்டையில ஏறுச்சு, பஸ்சுக்கும் லாரிக்கும் பக்கத்துல சேந்து சுத்தாம பின்னாடியே விட்டுட்டு வரணும்ங்கிறது.

சாயங்காலம் கிளம்பி வந்தோம். விரகனூர் நெருங்க நெருங்க மாமா நிமிந்து உக்காந்து சட்டைக் கைய மடிச்சு விட்டுக்கிட்டாரு. ஆனா திருப்புவனத்துப் பக்கம் இருந்து வந்தா அவனியாபுரத்துக்கு முதல் வாயே போதும், இடது லேனு, இடது இண்டிகேட்டரு, வலது பக்கம் ஒரு பார்வை, ஒருத்தரும் இல்ல, மூச்சு விடுற நேரத்துல ரிங் ரோட்டுக்கு வந்துட்டோம். மாமா முகமே வாடிப் போச்சு. கொஞ்ச தூரம் வந்து கண்ணாடியில பின்னாடி பாத்துக்கிட்டே "மாப்ள, இப்ப டிராஃபிக் கம்மியாத்தான் இருக்கு, ஒருக்கா திரும்பிப் போயி உள் லேன்ல எப்பிடி வர்றதுன்னு தெளிவா காட்டவா?"ன்னாரு.

அத்தை காதுகுத்து வீட்டுல குடுத்த தேங்காப் பழப் பைய மடியில எடுத்து வச்சுக்கிட்டு, "என்னைய வீட்டுல இறக்கி விட்டுட்டு விடிய விடிய சுத்துங்க"ன்னுச்சு.