ஜப்பானிய மொழித் தேர்வும் நான் அழித்த விடைகளும்

ஜப்பானிய மொழித் திறனுக்கான ஜேஎல்பிடி தேர்வில் என்2 நிலையை (ஐந்து நிலைகளில் மேலிருந்து இரண்டாவது) முதல் முறை எழுதியபோது எனக்கு மொத்தம் 98 வந்தது. 180-க்கு 90 எடுத்தால் தேர்ச்சி, ஆனாலும் நான் தேறவில்லை. மூன்று பகுதிகளிலும் தனித்தனியாக 60-க்கு 19 எடுத்தாக வேண்டும், வாசிப்பில் எனக்கு 17. சொல்வளம் போதவில்லை என்று நானே முடிவு கட்டி இரண்டு மாதம் கான்ஜி எழுத்துகளை (ஜப்பானிய மொழியில் பயன்படும் சீன வகை எழுத்துகள்) மனப்பாடம் செய்தேன். மாதிரித் தேர்வில் வாசிப்பு மதிப்பெண் அசையவே இல்லை.

எங்கள் படிப்புக் குழுவில் மூன்று பெண்கள், மூன்று ஆண்கள். ஒருநாள் ஒரு பத்தியை முடித்துவிட்டு விடைகளைப் பேசும்போது ஒரு நண்பர் பட்டென்று "இரண்டாவதுதான்" என்றார். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது, ஆனால் "இவ்வளவு சுலபமாகவா இருக்கும்" என்று பயந்து மூன்றுக்கு மாற்றியிருந்தேன். பக்கத்தில் இருந்த தோழியும் அப்படியே. சரியான விடை இரண்டு. "பசங்களுக்கு இது வரும், நமக்குத்தான் வராது" என்று அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் நானும் உள்ளுக்குள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, எழுதிப் பார்த்துவிடலாம் என்று எல்லோரும் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் எவ்வளவு உறுதி என 1 முதல் 5 வரை ஓர் எண் போட ஆரம்பித்தோம். விடையை மாற்றினால் பழையதை அழிக்கக் கூடாது, அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். மூன்று வாரத்தில் நான் மாற்றியவை 22, அதில் 14 சரியிலிருந்து தப்புக்குப் போனவை. அந்த நண்பர் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் 5 போட்டிருந்தார், மூன்றில் ஒரு பங்கு தப்பு. சரியான விடைகளை எண்ணினால் ஆறு பேருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை! எங்களுக்குள் வேறுபட்டது அந்த உறுதி எண்தான்.

இதற்குப் பிறகுதான் 2003-இல் பாக்கிட்டி என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வைப் பற்றித் தெரிந்துகொண்டேன். தாய்லாந்தில் ஆங்கிலம் படித்த மாணவர்களில் ஆண், பெண் இருவரின் வாசிப்பு மதிப்பெண்ணிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, ஆனால் திட்டமிடுதல், தன்னைத்தானே கவனித்தல் போன்ற உத்திகளை அதிகம் பயன்படுத்துவதாக ஆண்கள் சொன்னார்கள். 'சொன்னார்கள்' என்பதை நான் இரண்டு முறை படித்தேன். ஆறு பேரை வைத்து உலகத்துக்கே நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் தன்னம்பிக்கையைத் திறமை என்று நினைத்து மனம் உடைந்த பெண்களை நேரில் பார்த்திருக்கிறேன், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வாசிப்பு உத்திகளை அளக்க மொக்தாரியும் ஷியோரியும் 2002-இல் உருவாக்கிய கேள்விப் பட்டியல் உத்திகளை மூன்றாகப் பிரிக்கிறது: பத்தியை முழுதாக நோட்டம் விடுவது, புரியாத இடத்தில் நிதானித்து ஊகிப்பது, அகராதி, அடிக்கோடு, மொழிபெயர்ப்பு என்று துணை தேடுவது. நான் மூன்றாவதிலேயே குடியிருந்தேன். தேர்வறையில் அகராதி கிடையாது, மொழிபெயர்க்க நேரமும் கிடையாது, அப்படியிருக்க அங்கே போய் நடுங்காமல் என்ன செய்வேன்?

மாற்றியது இவ்வளவுதான். கேள்வியை முதலில் படித்தேன். 'ஷிகாஷி' (ஆனால்), 'ட்சுமாரி' (அதாவது) வரும் இடங்களில் வேகத்தைக் குறைத்தேன், எழுதியவரின் கருத்து பெரும்பாலும் அதன் பின்னால்தான் வருகிறது. வாக்கியத்தின் கடைசியை விடவே மாட்டேன், தமிழைப் போலவே அங்கேயும் ஆமாம், இல்லை எல்லாம் வினைமுற்றில்தான் இருக்கிறது. 'அப்படிச் சொல்லிவிட முடியாது' என்று முடிகிற வாக்கியத்தைப் பாதியில் விட்டால் அர்த்தமே தலைகீழாகிவிடும். நமக்குப் பழகிய வாக்கிய அமைப்பு இது, இதை நம்பாமல் ஏன் தமிழில் வரிவரியாக எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

விடையை மாற்றுவதே தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாற்றச் சொல்கிற வரியை விரலால் தொட்டுக் காட்ட முடிந்தால் தாராளமாக மாற்றுங்கள், பயம் மட்டும்தான் காரணம் என்றால் விட்டுவிடுங்கள். அந்த நண்பருக்கும் இதே விதிதான்: 5 போட வேண்டுமானால் வரியைக் காட்ட வேண்டும். அவருக்கும் மதிப்பெண் ஏறியது.

அப்புறம், தினமும் ஒரு நிலை கீழே உள்ள பத்தி ஒன்றைப் படித்தேன். செய்து முடித்த அனுபவம்தான் நம்பிக்கைக்கு வலுவான ஊற்று என்று உளவியலாளர் பண்டூரா 1977-இலேயே எழுதியிருக்கிறார். எனக்கு யாரும் "உன்னால் முடியும்" என்று சொன்னதைவிட, அகராதி தொடாமல் முடித்த பத்திகள்தான் உதவின.

இரண்டாம் முறை வாசிப்பில் 34. இப்போது மிக உயர்ந்த நிலையான என்1-க்குப் படிக்கிறோம், அந்தத் தோழியும் கூட இருக்கிறாள். போன வாரம் ஒரு கேள்விக்கு 5 போட்டுவிட்டு, நாங்கள் கேட்கும் முன்பே வரியைக் காட்டினாள்.