மெட்ரோனிடசோலா டினிடசோலா, எது இருக்கோ அத குடுங்கன்னு கேக்கறவங்களுக்கு

மெடிக்கல் ஷாப்புல நிக்கறவன்ங்கறதால இந்த கேள்வி அடிக்கடி வரும், வயித்தால போறப்ப கேக்கற இந்த மாத்திரை ரெண்டும் ஒண்ணுதானேன்னு. ஒரே குடும்பம்தான், நைட்ரோஇமிடசோல்னு பேரு. ஆக்சிஜன் இல்லாத எடத்துல வாழற கிருமிக்குள்ள போனதும் மருந்து மாறி அதோட டிஎன்ஏவ ஒடைச்சிடும், அதனாலதான் அமீபா, ஜியார்டியா மாதிரி குடல் ஒட்டுண்ணிக்கும் கேக்குது, சில பாக்டீரியாவுக்கும் கேக்குது. பாக்டீரியாவுக்கு கேக்கும்ங்கறதே தற்செயலா தெரிஞ்சதுதான், ட்ரைக்கோமோனாஸ்ங்கற ஒட்டுண்ணியால பொறப்புறுப்புல வர்ற தொற்றுக்கு மெட்ரோனிடசோல் சாப்பிட்ட ஒரு அம்மாவுக்கு ஈறு புண்ணும் சேந்து ஆறிடுச்சு, 1962ல அத எழுதினாங்க.

வித்தியாசம் எங்கன்னா, ஒடம்புல எவ்ளோ நேரம் தங்குதுங்கறதுல. மெட்ரோனிடசோல் பாதியா கொறைய சுமார் 8 மணி நேரம், டினிடசோலுக்கு 12லேருந்து 14. அதனால ஜியார்டியாவுக்கு மெட்ரோனிடசோல்னா தெனம் மூணு வேளை, அஞ்சு ஏழு நாள் போகும், டினிடசோல்னா பெரியவங்களுக்கு 2 கிராம் ஒரே தடவை. வயிறு கொஞ்சம் நின்னதும் மாத்திரைய நிறுத்திடற ஆளுங்களுக்கு டினிடசோல்தான் சரின்னு எனக்கு தோணும், ஆனா மெட்ரோனிடசோலுக்கு சிரப் இருக்கு, டிரிப்ஸ் இருக்கு, அத விட்டுட முடியாது, எதுன்னு டாக்டர்தான் சொல்லணும்.

ரெண்டுக்கும் வாயில இரும்பு டேஸ்ட் அடிக்கும், காபி கூட கசக்கும், பயப்படாதீங்க, சாப்பிட்டுட்டு போட்டா வயித்து பெரட்டல் கொறையும். தண்ணி அடிக்கறவங்க கோர்ஸ் முடிஞ்சும் மூணு நாள் தொடாதீங்க. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை போடறவங்க இருந்தா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க, ரத்தம் ரொம்ப நீர்த்துப்போகும்.

எனக்கு நெஜமாவே கஷ்டமா இருக்கறது என்னன்னா, பட்டைய கத்திரில வெட்டி ரெண்டே ரெண்டு மாத்திரை வாங்கிட்டு போறதுதான், அதுவும் நார்ஃப்ளாக்ஸசின்ங்கற ஆன்டிபயாடிக்கும் டினிடசோலும் சேந்த மாத்திரைய பேர் சொல்லியே கேப்பாங்க. வயித்தால போறது பல நேரம் வைரஸ், அதுக்கு இது ரெண்டுமே கேக்காது, ஓஆர்எஸ்தான் வேணும். ரத்தம் போனாலோ ஜுரம் இருந்தாலோ டாக்டர்கிட்ட போயிடுங்க. அமீபான்னு உறுதியாச்சுன்னா இந்த மாத்திரை முடிஞ்சதும் குடல்ல மிச்சம் இருக்கற அமீபாவ அழிக்க டைலாக்ஸனைடு மாதிரி இன்னொன்னு எழுதுவாங்க, நல்லாயிடுச்சேன்னு அத வாங்காம போயிடாதீங்க.