பாரா என்றால் ரொட்டி

கப்பல் ஏறும்போது ஜான் டேனியல் எவன்ஸுக்கு மூன்று வயது. அதனால் நாட்டை விட்டுப் போவது அவர் எடுத்த முடிவில்லை, அப்பா அம்மா எடுத்தது. தெற்கு வேல்ஸில் மவுண்டன் ஆஷ் என்கிற நிலக்கரிச் சுரங்க ஊர் அவர்களுடையது. 1865 மே மாதக் கடைசியில் லிவர்பூலில் மிமோசா என்ற பழைய தேயிலைக் கப்பலில் 150 பேருக்குக் கொஞ்சம் மேலே ஏறி, இரண்டு மாதம் கடலில் கிடந்து, ஜூலை 28 அன்று அர்ஜென்டினாவின் தெற்கே படகோனியாக் கரையில் இறங்கினார்கள். ஜூலை என்றால் அங்கே நடுக்குளிர்காலம்.

ஏன் அவ்வளவு தூரம்? வறுமை, நிலச்சுவான்தார் தொல்லை எல்லாம் உண்டு. ஆனால் முக்கியக் காரணம் மொழி. அந்தக் காலத்து வேல்ஸ் பள்ளிகள் பலவற்றில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள், அடுத்து எவன் வெல்ஷ் பேசி மாட்டுகிறானோ அவன் கழுத்துக்கு அது மாறும். நாள் முடிவில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி. அமெரிக்கா போனவர்களும் சீக்கிரமே ஆங்கிலத்தில் கரைந்துபோவதைப் பார்த்த மைக்கேல் ஜோன்ஸ் என்ற பாலா ஊர்ப் பாதிரியார், ஆங்கிலேயரே இல்லாத இடமாகப் பார்த்துக் குடியேறுவோம் என்று கிளப்பிவிட்டார். அவர் அந்தக் கப்பலில் ஏறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முன்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னதை வைத்து, நம்ம ஊர் மாதிரி பச்சைப்பசேல் என்று இருக்கும் என்று நம்பி வந்தவர்களுக்குக் கிடைத்தது முட்புதரும் உப்புக்காற்றும். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் சூபுட் ஆற்றுக்குத்தான் போக வேண்டும், அதற்குப் பொட்டல்காட்டில் 60 கிலோமீட்டருக்கு மேல் நடை. ஆண்கள் நடந்தார்கள், பெண்களையும் குழந்தைகளையும் ஒரு சின்னக் கப்பலில் அனுப்பினார்கள், அது புயலில் மாட்டி வாரக்கணக்கில் அலைந்தது. வந்தவர்களில் சுரங்கத் தொழிலாளி, தையல்காரர், செருப்பு தைப்பவர், தச்சர் என்று எல்லாரும் இருந்தார்கள், ஏர் பிடித்துப் பழகிய கைதான் குறைவு. முதல் இரண்டு வருஷம் விதைத்ததெல்லாம் காய்ந்து கருகியது. அர்ஜென்டினா அரசு அனுப்பிய தானியத்தில்தான் உயிர் ஓடியது.

1866-இல் அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான தெஹுவெல்சே மக்கள் வந்தார்கள். கலவரம் வரும் என்று பயந்தவர்களுக்கு வேட்டை கற்றுக்கொடுத்தார்கள். கயிற்று முனைகளில் உருண்டைக் கல்லைக் கட்டிச் சுழற்றி எறிந்து, ஓடும் குவானக்கோவின் காலைச் சுற்றிப் பிடிக்கிற வித்தை அது. குவானக்கோ ஒட்டகச் சாதி, இறைச்சி நன்றாக இருக்குமாம். இறைச்சியும் தோலும் தீக்கோழி மாதிரியான பறவையின் இறகும் இந்தப் பக்கம் வரும், ரொட்டி அந்தப் பக்கம் போகும். அவர்கள் முதலில் பிடித்துக்கொண்ட வெல்ஷ் சொல் 'பாரா', அதாவது ரொட்டி. ஸ்பானிஷில் 'கொஞ்சம்' என்பதற்கான 'போகோ'வை முன்னால் போட்டு, 'போகோ பாரா' என்று கேட்பார்கள். எவன்ஸ் அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்துதான் வளர்ந்தார், குதிரை ஏறினார், தடம் பார்க்கப் படித்தார்.

ரொட்டிக்குக் கோதுமை வேண்டுமே. 1867 நவம்பரில் ஆரோன் ஜென்கின்ஸ் என்பவர், வயல் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆற்று நீர்மட்டம் வயலைவிட மேலே இருப்பதைக் கவனித்தார். கவனித்தது மனைவி ரேச்சல்தான் என்று அங்கே சொல்வார்கள், நான் ரேச்சல் கட்சி. மண்வெட்டியால் கரையை வெட்டி ஒரு சின்ன வாய்க்கால் இழுத்துவிட்டார், அவ்வளவுதான், கதிர் பிடித்தது. நமக்கு மடை திறப்பது பாட்டன் காலத்துப் பாடம், ஆனால் எப்போது பார்த்தாலும் மழை பெய்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு நிலத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்ற நினைப்பே எப்படி வரும்? அப்புறம் ஊரே சேர்ந்து வாய்க்கால் வெட்டியது. சுமார் இருபத்தைந்து வருஷத்தில் அந்தப் பள்ளத்தாக்கின் கோதுமை பாரிஸிலும் சிகாகோவிலும் நடந்த உலகக் கண்காட்சிகளில் பரிசு வாங்கியது.

எவன்ஸ் சும்மா இருக்கிற ஆள் இல்லை. 1884-இல் மூன்று நண்பர்களோடு மேற்கே போய்விட்டுத் திரும்பும் வழியில் ஒரு பழங்குடிக் கூட்டம் இவர்களைத் தாக்கியது. அப்போது ராணுவம் படகோனியா முழுக்கப் பழங்குடிகளை வேட்டையாடிக்கொண்டிருந்த நேரம், புதிதாக வருகிற வெள்ளைக்காரனை உளவாளி என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை. மூவரும் செத்தார்கள். எவன்ஸின் குதிரை மலகாரா ஒரு செங்குத்தான பள்ளத்தைத் தாண்டிக் குதித்தது, துரத்தியவர்களால் முடியவில்லை. தனியாளாக ஊர் வந்து சேர்ந்தார். அந்தக் குதிரை 1909 வரை உயிரோடு இருந்தது, செத்ததும் வீட்டுத் தோட்டத்திலேயே புதைத்துப் பெரிய பாறை வைத்தார். என் உயிரைக் காத்த குதிரை என்று அதில் வெட்டியிருப்பது ஸ்பானிஷில். வெல்ஷ் பேசுவதற்காகவே கடல் கடந்த கூட்டத்துப் பிள்ளை!

1885-இல் கவர்னர் ஃபொண்டானாவோடு ஆண்டீஸ் மலை அடிவாரம்வரை போன பயணத்துக்கு வழிகாட்டி இவரே. அங்கே ஒரு பசுமையான பள்ளத்தாக்கு இருந்தது, அப்பா அம்மாவுக்கு இருபது வருஷம் முன்னால் சொல்லப்பட்ட அதே பச்சை. 50 குடும்பங்களுக்கு ஆளுக்கு 2,500 ஹெக்டேர் என்று அரசு பிரித்துக் கொடுத்தது. எவன்ஸ் அங்கே விவசாயம் பார்த்தார், மாவு மில் நடத்தினார். ஊருக்கே ட்ரெவெலின் என்று பெயர், வெல்ஷில் மில் ஊர் என்று பொருள். 1902-இல் அந்தப் பள்ளத்தாக்கு அர்ஜென்டினாவுக்கா சிலிக்கா என்ற தகராறைத் தீர்க்க, எல்லை பார்க்க வந்தவர் பிரிட்டிஷ்காரர் தாமஸ் ஹோல்டிச். இந்தியாவின் வடமேற்கு எல்லையை அளந்த அதே ஆள். யாரோடு இருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அர்ஜென்டினா என்றார்கள் குடியேறியவர்கள். அதே வருஷம்தான், சூபுட் ஆற்றின் கீழ்ப் பள்ளத்தாக்கில் வெள்ளம் அடித்து எல்லாம் போனதில் மனம் விட்டுப்போய், ஞாயிற்றுக்கிழமை ராணுவப் பயிற்சிக்குக் கூப்பிட்ட கோபமும் சேர்ந்து, 200 பேருக்கு மேல் கனடாவுக்கு மூட்டை கட்டினார்கள். எவன்ஸ் போகவில்லை. 1943-இல் ட்ரெவெலினிலேயே கண் மூடினார்.

ஒன்றை வேண்டுமென்றேதான் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். அவருக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டியிருக்கும், வால்செட்டா என்ற ஊர் வழியாகப் போகிறார். ராணுவம் பிடித்த பழங்குடிகளை அங்கே உயரமான கம்பி வேலிக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். வழிப்போக்கர் யாரைக் கண்டாலும் வேலியைப் பிடித்துக்கொண்டு, 'போகோ பாரா' என்று கை நீட்டினார்கள். வெல்ஷ்காரர்களிடம் பழகிய சொல், அதைத் தவிர வேறு எந்தச் சொல்லுக்கு ரொட்டி கிடைக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். அதில் ஒருவன் மற்றவர்களைவிட ஓங்கிக் கத்திக்கொண்டே வேலியோரமாக வந்தான். கிட்டே போய்ப் பார்த்தால் சின்ன வயசில் கூடவே திரிந்த நண்பன். தன் கூட்டாளிகள் மூவரைப் பழங்குடிகளின் ஈட்டிக்குப் பறிகொடுத்த இந்த மனிதர், அந்த வேலிக்கு வெளியே நின்று மனம் நொந்ததைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கையிலிருந்த சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு அவனை எப்படியாவது மீட்டு வீட்டுக்கே கூட்டிவந்துவிடலாம் என்று பணம் புரட்டிக்கொண்டு திரும்பிப் போனபோது, அவன் செத்துப்போயிருந்தான்.