கொல்லிமலைத் தோட்டத்து லித்தியம் பேட்டரி: இரண்டாவது பெட்டிக்கு முதல் நாளே போட்ட திட்டம்

கொல்லிமலையில் எங்கள் மிளகுத் தோட்டத்து வீட்டுக்கு ஈ.பி. லைன் கிடையாது. கூரையில் சோலார் பேனல், ராத்திரிக்கு நான்கு டியூப்ளர் (ஈய-அமில) பேட்டரி. 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், கொள்ளளவின் அளவு) டியூப்ளர் ஒன்று ஐம்பது கிலோவைத் தாண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏற்றி, வண்டி போகாத பாதையில் ஆள் வைத்துத் தூக்க வேண்டும். நான்கிலும் சேர்த்து 7 யூனிட் என்பது கணக்குக்குத்தான். ஆயுள் வேண்டுமென்றால் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. அவை தளர்ந்ததும் லித்தியத்துக்கு மாறினேன்.

வீட்டில் எல்லோருக்கும் எரியும் ஸ்கூட்டர்தான் ஞாபகம் வந்தது. நான் வாங்கியது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். மற்ற லித்தியம் வகைகளைவிடச் சூடு தாங்கும். ஆனாலும் செல் கெட்டால் வெளிவரும் வாயு எரியக்கூடியது. ஆகவே பேட்டரிக்கு வீட்டை ஒட்டாமல் காற்றோட்டமான தனிக் கொட்டகை.

கையிலிருந்த காசுக்கு 5 யூனிட்தான் கட்டுபடியானது. மீதியைப் பிறகு சேர்ப்பதாகத் திட்டம். இதில் முதலில் முடிவு செய்ய வேண்டியது வோல்ட். "உங்க லோடுக்கு 24 வோல்ட்டே போதும்ணே" என்றார் இன்வெர்ட்டர் கடைத் தம்பி. அன்றைய லோடுக்கு அவர் சொன்னது சரி. ஆனால் 3 கிலோவாட் இழுத்தால் 24 வோல்ட்டில் 125 ஆம்பியர். 48 வோல்ட்டில் அதில் பாதி. ஆம்பியர் குறைந்தால் ஒயர் மெல்லியதாகப் போதும், சூடும் குறையும். செல்லை எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம், வோல்ட்டை மாற்றினால் இன்வெர்ட்டரே மாற வேண்டும். அதனால் 3.2 வோல்ட், 100 ஏஎச் செல்கள் பதினாறு சீரியஸில்: 51.2 வோல்ட், 5.12 யூனிட். 280 ஏஎச் செல் யூனிட்டுக்கு விலை குறைவுதான். ஆனால் பதினாறு சேர்ந்தால் எண்பது கிலோவுக்கு மேல் போகும். 100 ஏஎச் என்றால் முப்பத்து சொச்சம், ஒரே ஆள் தூக்கலாம்.

அடுத்தது, கூட்டும்போது எந்த இடத்தில் கூட்டுவது? செல்லுக்குச் செல் பேரலல் போட்டால் ஒரே பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, ஆபத்தென்றால் துண்டிக்கும் போர்டு) போதும், செலவு மிச்சம். ஆனால் ஒரு செல் கெட்டால் பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொண்டு போகும். எது கெட்டது என்று பிஎம்எஸ்ஸுக்கும் தெரியாது. நான் ஒவ்வொரு பதினாறையும் தனிப்பெட்டியாக்கி, தனி பிஎம்எஸ், தனி ஃபியூஸ் கொடுத்தேன். ஒன்று நின்றாலும் ஃபிரிட்ஜும் விளக்கும் ஓடும். ஒரு பெட்டியே முழு லோடையும் தாங்க வேண்டும் என்பதால் இன்வெர்ட்டர் 3 கேவிஏவுக்கு மேல் போகவில்லை.

முதல் பெட்டி மட்டுமே இருந்தபோதும் பெட்டிகளை ஒன்றாக இணைக்கும் செம்பு பஸ்பாரை நான்கு பெட்டிக்குப் போட்டேன்: 25 × 5 மில்லிமீட்டர் பட்டை, நான்கு துளை, நான்கு பெட்டிக்கும் ஒரே நீள ஒயர். நீளம் மாறினால் ரெசிஸ்டன்ஸ் மாறும். ரெசிஸ்டன்ஸ் குறைந்த பெட்டியே அதிகம் உழைக்கும். இன்வெர்ட்டருக்குப் பாசிட்டிவை ஒரு முனையிலிருந்தும் நெகட்டிவை எதிர் முனையிலிருந்தும் எடுத்ததும் அதற்காகத்தான்.

ஃபியூஸில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஷார்ட் ஆனால் இந்தச் செல்கள் ஆயிரக்கணக்கான ஆம்பியர் கொட்டும். வீட்டு ஏசி எம்சிபியோ கார் ஃபியூஸோ அப்போது எழும் டிசி ஆர்க்கை (விடாமல் எரியும் மின்பொறியை) அணைக்கும் என்று நம்ப முடியாது. நான் போட்டது கிளாஸ் டி (Class T) ஃபியூஸ்.

பொறுமையைச் சோதித்தது டாப் பேலன்சிங், அதாவது பெட்டி கட்டும் முன் எல்லாச் செல்லையும் முழு சார்ஜில் சமப்படுத்துவது. பதினாறையும் பேரலல் போட்டு 3.65 வோல்ட் கொடுத்தால் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வரும். ஆனால் 1600 ஏஎச் கும்பலை 10 ஆம்பியர் பவர் சப்ளையால் நிரப்ப நாள் கணக்காகும். முதலில் சீரியஸில், பிஎம்எஸ் காவலில், ஒரு செல் நிரம்பும்வரை ஏற்றிவிட்டுப் பிறகு பேரலலுக்கு மாற்றினால் பாதிக்கு மேல் நேரம் மிச்சம். ஸ்பேனர் பிடிவரை இன்சுலேஷன் டேப், விரலில் மோதிரம் கூடாது.

அடுத்த மிளகு விற்றதும் இரண்டாவது பெட்டி வந்தது. கவனம் வேண்டிய கட்டம் இதுதான். இந்த வகை செல்லில் சார்ஜ் பாதியிலும் முக்காலிலும் வோல்ட் கிட்டத்தட்ட ஒன்றாகவே காட்டும். மீட்டரை நம்பி இணைக்க முடியாது. 1 வோல்ட் வித்தியாசம் இருந்தால்கூடப் பெட்டிக்குப் பெட்டி பல பத்து ஆம்பியர் பாயும். இரண்டையும் தனித்தனியே முழுக்க ஏற்றி, ஆறவிட்டு, வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்குள் வந்த பிறகே பஸ்பாரில் முடுக்கினேன். இன்வெர்ட்டரை இணைக்கும்போதும் முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாக அதன் கெபாசிட்டரை நிரப்ப வேண்டும். நேரே தொட்டால் பொறி பறக்கும், பிஎம்எஸ் கட் ஆகும்.

சார்ஜர் செட்டிங்கில் 55.2 வோல்ட் பல்க் (ஏற்றும் வோல்ட்), 54 ஃப்ளோட் (நிரம்பிய பின் வைத்திருக்கும் வோல்ட்), ஈக்வலைசேஷன் (செல்களைச் சமப்படுத்த வோல்ட்டைக் கூடுதலாக ஏற்றுவது) அறவே ஆஃப். டியூப்ளர் காலத்து ஈக்வலைசேஷன் 60 வோல்ட்டை நெருங்கும்; பதினாறு செல்லுக்கு உச்ச வரம்பே 58.4தான்.

இப்போது ஷன்ட் மீட்டரில் (ஓடும் ஆம்பியரை அளக்கும் மீட்டர்) இரு பெட்டிகளின் ஆம்பியரும் கிட்டத்தட்டச் சமமாக ஓடுகின்றன. நிரம்பும் நேரத்திலும் தீரும் நேரத்திலும் மட்டும் கொஞ்சம் விலகும். பஸ்பாரில் இன்னும் இரண்டு துளை காலி. மூன்றாவதை 280 ஏஎச்சாகவே போட்டாலும் பரவாயில்லை. அதே வகை செல், அதே பதினாறு என்றால் சேரும். தூக்கத்தான் இரண்டு ஆள் பிடிக்க வேண்டும்.