ரிப்போர்ட் எந்த நம்பருக்குப் போகிறது?

மன்னார்குடியில் நாங்கள் வழக்கமாகப் போகும் பரிசோதனை நிலையத்தில் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தால், மாலைக்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். "அக்கா, அண்ணன் நம்பருக்கு அனுப்பிட்டேன், பாத்துக்கங்க" என்று கவுண்டரில் இருக்கும் தம்பி சொல்வார். வீட்டிலிருந்து முதன்முதலில் யார் போனார்களோ, அவர் கொடுத்த எண்தான் குடும்பம் முழுவதற்கும் கணினியில் பதிவாகியிருக்கிறது. ஆகவே என் தைராய்டு அளவும், அத்தையின் சர்க்கரை அளவும், நாத்தனாரின் ஸ்கேன் முடிவும் என் கணவரின் கைபேசியில், உரக்கடை பில்லுக்கும் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவின் அறிவிப்புக்கும் நடுவே ஒரே வரிசையில் கிடக்கின்றன. எங்கள் வீட்டில் இதனால் ஒரு சங்கடமும் வந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மனநல மாத்திரை சாப்பிடும் ஒரு மருமகளுக்கோ, நாள் தள்ளிப்போனதை இன்னும் யாரிடமும் சொல்ல விரும்பாத ஒரு பெண்ணுக்கோ, காசநோய்க்குச் சளிப் பரிசோதனை கொடுத்துவிட்டு வந்த ஒரு கல்லூரிப் பையனுக்கோ இதே ஏற்பாடு எப்படி இருக்கும் என்பதை ஊரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வீட்டை விட்டு வெளியே வந்தால் நிலைமை இன்னும் மோசம். தஞ்சாவூருக்குப் பெரிய டாக்டரிடம் போவதற்குமுன் ரிப்போர்ட்டை அச்செடுக்கப் பிரவுசிங் சென்டருக்குப் போகிறோம். அங்குள்ள கணினியில் பதிவிறக்கங்கள் சேரும் ஃபோல்டரைத் திறந்தால், நமக்கு முன் வந்தவர்களின் கோப்புகள் பெயர், வயது, முடிவு எல்லாவற்றோடும் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றை யாரும் திருடவில்லை. யாரும் அழிக்கவில்லை, அவ்வளவுதான்.

மென்பொருள் சோதனை என் வேலை என்பதால், உடல்நலத் தரவைக் காக்க, அதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் மறையாக்க வாலட்டுகள் உதவும் என்று நடக்கும் பேச்சைச் சில காலமாகக் கவனித்து வருகிறேன். வாலட் என்றதும் பிட்காயின் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே நாணயத்துக்கு வேலையே இல்லை. 1976-இல் டிஃபி, ஹெல்மன் என்னும் இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட பொதுச் சாவி மறையாக்கக் கருத்துதான் இதன் அடிப்படை. ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடிச் சாவி, அதாவது கணினிக்கு மட்டும் பயன்படும் இரண்டு நீண்ட எண்கள், உண்டு. பொதுச் சாவியை யாருக்கும் கொடுக்கலாம். தனிச் சாவி உரியவரை விட்டு வெளியே போகக் கூடாது. பொதுச் சாவியால் பூட்டப்பட்ட கோப்பைத் தனிச் சாவியால் மட்டுமே திறக்க முடியும். தனிச் சாவியால் இட்ட மின்கையொப்பத்தைப் பொதுச் சாவியைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம். வாலட் என்பது இந்தத் தனிச் சாவியை வைத்திருக்கும் செயலி. நூற்றுக்கணக்கான எம்பி அளவுள்ள ஓர் எம்ஆர்ஐ ஸ்கேன் மருத்துவமனைச் சர்வரிலோ கூகுள் டிரைவிலோ பூட்டிய நிலையில் இருந்துவிட்டுப் போகட்டும். சாவி நோயாளியிடம் இருந்தால் போதும்.

இதில் ஒரு பாதியை நாம் ஏற்கெனவே பயன்படுத்தியிருக்கிறோம். கோவின் தடுப்பூசிச் சான்றிதழின் கீழே இருந்த கியூஆர் குறியீட்டுக்குள் மின்கையொப்பமிட்ட தரவு இருந்தது. அது வெறும் இணைய முகவரி அன்று. சரிபார்ப்பவர் பொதுச் சாவியைக் கொண்டு அதைச் சோதித்தால், பெயரையோ தேதியையோ திருத்தியிருந்தால் உடனே தெரிந்துவிடும். இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2019-இல் பரிந்துரைத்த சரிபார்க்கத்தக்க சான்று என்னும் தரநிலையை ஒட்டி அது வடிவமைக்கப்பட்டது. குறை என்னவென்றால், காட்டினால் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். ஊசி போட்டவரா என்று மட்டும் கேட்ட தியேட்டர் வாசல்காரருக்கும் பெயர், வயது, பாலினம் அனைத்தும் போய்ச் சேர்ந்தன.

வாலட்டின் மறுபாதி இந்தக் குறையைத் தீர்க்கிறது. ஒரு சான்றில் உள்ள பல விவரங்களில் தேவையானதை மட்டும் வெளிப்படுத்தவும், வெளிப்படுத்திய பகுதியும் மருத்துவமனை கையொப்பமிட்டதுதான் என்பதை நிரூபிக்கவும் இப்போது வழிமுறைகள் உள்ளன. ஒரு விவரத்தைச் சொல்லாமலே அது உண்மை என்று நிரூபிக்கலாம் என்னும் கணிதக் கருத்து 1985-இலேயே வந்துவிட்டது. கைபேசியில் ஓடும் அளவுக்கு அது எளிதாகப் பல ஆண்டுகள் பிடித்தன. திருத்துறைப்பூண்டியிலிருந்து வளைகுடா வேலைக்குப் போகும் ஒரு பையனிடம் முகவர் மருத்துவக் கோப்பு முழுவதையும் வாங்கி வைத்துக்கொள்கிறார். அவருக்கு உண்மையில் தேவை தகுதி உண்டா இல்லையா என்ற ஒரே பதில். அந்தப் பதிலை மட்டும் கொடுத்துவிட்டு, ரத்த அளவுகளையும் பழைய சிகிச்சைகளையும் தன்னிடமே வைத்துக்கொள்ள வாலட் வழிவிடும். இதை மறைப்பதற்கான கருவி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, இருக்கும் நோயைச் சொல்லாமல் விட்டால் பின்னால் பணம் கேட்கும்போது அதுவே வினையாகும். அங்கே வாலட்டால் ஆவது ஒன்றுமில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2011-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் மருத்துவப் பதிவுகளை நுண்ணுணர்வுத் தரவு என்று தனியாகப் பிரித்து வைத்திருந்தன. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பிரிவினை இல்லை. சர்க்கரை அளவும் செருப்புக்கடை பில்லும் அதன் பார்வையில் ஒரே வகைத் தரவுதான். எனக்கு இது சரியாகப் படவில்லை.

அரசின் ஏற்பாடு இந்த வாலட் முறைக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2021 செப்டம்பரில் நாடெங்கும் தொடங்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு முன்னோட்டமாக ஆறு யூனியன் பிரதேசங்களில் நடந்தபோது புதுச்சேரியும் பட்டியலில் இருந்ததால், டெல்டாவில் காரைக்கால்தான் இதற்குள் முதலில் வந்தது. ஒவ்வொருவருக்கும் ஆபா என்னும் 14 இலக்க எண் தரப்படுகிறது. தரவு ஓரிடத்தில் குவிக்கப்படாமல் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கிறது. எதற்காக, எத்தனை நாளுக்கு என்று குறிப்பிட்டு நோயாளி ஒப்புதல் தந்தால் மட்டுமே இன்னொரு மருத்துவமனைக்குப் போகிறது. போகும் வழியில் அது மறையாக்கப்பட்டிருப்பதால், ஒப்புதல்களைக் கையாள இடையில் நிற்கும் மென்பொருளான ஒப்புதல் மேலாளரால்கூடப் படிக்க முடியாது. வடிவமைப்பாகப் பார்த்தால் நல்ல ஏற்பாடு, இதைக் குறை சொல்பவர்களில் நான் இல்லை.

ஆனால் அந்த ஒப்புதலைத் தருவது யார் என்று கேட்டால், ஓடிபி வரும் கைபேசி யாரிடம் இருக்கிறதோ அவர் என்பதுதான் நடைமுறைப் பதில். எங்கள் பகுதி இ-சேவை மையத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். வரிசையில் இருக்கும் பாட்டி மகனுக்குப் போன் போட, மகன் மறுமுனையில் ஆறு இலக்கங்களைச் சொல்ல, பாட்டி அதைக் கடை முழுவதற்கும் கேட்கும்படி உரக்கத் திருப்பிச் சொல்கிறார். இப்படிச் சொல்லிக்கொடுக்க முடிவதால்தான் ஓடிபி இங்கே எல்லோருக்கும் வேலை செய்கிறது. வாலட்டின் தனிச் சாவியை இப்படிக் கவுண்டருக்குக் குறுக்கே கத்திச் சொல்ல முடியாது, அதுவே அதன் பலம். கைபேசியின் பாதுகாப்புச் சில்லுக்குள் பூட்டிவைத்த சாவியைப் பிறர் அங்கிருந்து எடுக்கவே முடியாது.

அதே காரணத்தால் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. சாவி கைபேசியோடு கட்டுண்டிருந்தால், கைபேசி கணவருடையதாக இருக்கும் வீட்டில் மனைவியின் தரவு கணவரிடம்தான் இருக்கும். உலகின் மிக உறுதியான மறையாக்கம்கூட அந்த வீட்டுக்குள் அவருக்குக் காவலாகாது. விரல்ரேகையால் திறக்கலாம் என்பார்கள். வருடக்கணக்காக நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களையெடுத்த கைகளை ரேஷன் கடை இயந்திரமே பல நேரம் ஏற்காமல் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறோம். ஆகவே ஒரே கைபேசியில் ஆளுக்கொரு ரகசிய எண்ணோடு தனித்தனி வாலட்டுகள் இருப்பதற்கும், ஒருவருடையது இருக்கிறது என்பதே மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதற்கும் இடமளிக்கும் வடிவமைப்புதான் இங்கே உதவும்.

அடுத்தது, சாவி தொலைந்தால் என்ன செய்வது என்பது. கிரிப்டோ வாலட்டுகள் சாவியை மீட்க 12 அல்லது 24 சொற்களைத் தருகின்றன. 2048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து அவை பொறுக்கப்படுகின்றன. ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம், ஸ்பானியம், செக் முதலிய மொழிகளுக்கு அந்தத் தரநிலையில் பட்டியல் உண்டு, தமிழுக்கு இல்லை. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த என் அத்தை, 12 ஆங்கிலச் சொற்களைப் பிழையின்றி எழுதி வைத்துப் பத்தாண்டு கழித்து அப்படியே தட்டச்சு செய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. தமிழில் பட்டியல் தயாரிப்பவர்கள் ரகர றகரத்திலும், லகர ளகர ழகரத்திலும் குழப்பம் வரும் சொற்களை முதலிலேயே விலக்கிவிட வேண்டும்.

சொற்களைத் தாளில் எழுதிப் பீரோவில் வைக்கும்படி வழிகாட்டிகள் சொல்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது, கூரை பறந்த வீடுகளில் பத்திரம், ரேஷன் கார்டு, மதிப்பெண் சான்று எல்லாம் ஊறிக் கூழானதைப் பார்த்த பகுதி இது. அவற்றுக்காவது நகல் வாங்க ஓர் அலுவலகம் உண்டு. தனிச் சாவிக்கு எந்த அலுவலகமும் நகல் தராது.

இதற்கு நான் நம்பும் வழி, 1979-இல் கணினி அறிவியலாளர் ஆதி ஷமிர் கண்டுபிடித்த ரகசியப் பங்கீடு. ஒரு சாவியை ஐந்து பங்குகளாக்கி, எந்த மூன்று சேர்ந்தாலும் சாவி திரும்பக் கிடைக்கும்படியும், இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் அறிய முடியாதபடியும் செய்யலாம். கோயில் உண்டியலுக்கு வெவ்வேறு ஆள்களிடம் சாவி கொடுத்து வைப்பதை ஒத்தது இது. வேறுபாடு என்னவென்றால், உண்டியலுக்கு ஒரு சாவிக்காரர் ஊரில் இல்லை என்றால் எல்லாரும் காத்திருக்க வேண்டும், இங்கே இருவர் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். பங்குகளை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் யோசனை வேண்டும். மூன்று பங்கு ஒரே வீட்டுக்குள் இருந்தால் அந்த வீடு நினைத்தபோது திறந்துவிடும், புயலும் ஒரே நாளில் மூன்றையும் கொண்டுபோகும். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, பாபநாசத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை, கல்லூரித் தோழி, நம்பிக்கையான குடும்ப மருத்துவர், வங்கி லாக்கர் என்று பிரிந்திருப்பது நல்லது. பெண்களுக்கு நான் குறிப்பாகச் சொல்வது, பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் சேராத ஒருவரிடமாவது ஒரு பங்கு இருக்கட்டும்.

நினைவில்லாமல் இரவு இரண்டு மணிக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒருவரைக் கொண்டுபோகும்போது மூன்று பங்குக்காரர்களை எழுப்பிக்கொண்டிருக்க முடியாது. உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் ஒப்புதல் இல்லாமலே தரவைப் பயன்படுத்த 2023 சட்டம் இடம் தருகிறது. சட்டம் தந்தாலும் மறையாக்கப் பூட்டு தானாகத் திறக்காது. ஒவ்வாமை உள்ள மருந்துகள், ரத்தம் உறையாமலிருக்க எடுத்துக்கொள்ளும் மாத்திரை, இன்சுலின் போடுபவரா என்பன போன்ற சில வரிகளைப் பூட்டாமல், ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைப்பதையே நான் விரும்புவேன்.

பல கணினிகளில் நகல் வைக்கப்படும் பதிவேடான பிளாக்செயினில் ஏற்றினால் எல்லாம் பத்திரம் என்று விற்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. அதில் எழுதியதை அழிக்க முடியாது. அழிக்கச் சொல்லும் உரிமையோ சட்டத்தில் இருக்கிறது. தரவை ஏற்றவில்லை, அதன் ஹேஷ் மதிப்பை, அதாவது தரவிலிருந்து கணக்கிடப்படும், திரும்பத் தரவாக மாற்ற முடியாத குறியீட்டை, மட்டுமே ஏற்றுகிறோம் என்பார்கள். வழக்கமான ரத்த வகைகள் எட்டுதான். எட்டுக்கும் ஹேஷ் கணக்கிட்டு ஒப்பிட்டால் ஒரு நொடிக்குள் விடை தெரிந்துவிடும்; யூகிக்க முடியாத ஓர் எண்ணைச் சேர்த்துக் கணக்கிடாத ஹேஷ் வெறும் ஒப்புக்குப் போட்ட பூட்டு. சாவி, கையொப்பம், பகுதி வெளிப்பாடு ஆகிய மூன்றும் பிளாக்செயின் இல்லாமலே முழுமையாக இயங்கும்.

கடைசியாக ஒன்று. 2023 சட்டத்தின் 14-ஆம் பிரிவு, நாம் இறந்தாலோ செயலிழந்தாலோ நம் தரவு உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்க இடம் தருகிறது. நியமிக்கப்பட்டவர் மருத்துவமனையிடம் கேட்கலாம். ஆனால் பூட்டிய கோப்பைத் திறக்கும் சாவி அவரிடம் இல்லையென்றால் அந்த உரிமை பாதியில் நின்றுவிடும். ஆகவே அத்தைக்கு வாலட் அமைக்கும் நாளில், நியமனதாரராகப் பாபநாசத்து நாத்தனாரின் பெயரை எழுதும் கையோடு ஐந்தில் ஒரு பங்கையும் அவரிடமே கொடுத்து, மீதி நான்கு யாரிடம் இருக்கின்றன என்ற விவரத்தை உறையிலிட்டு ஒட்டி அவரிடம் சேர்ப்பது என்று வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறோம். பரிசோதனை நிலையத்தில் ஆளுக்கொரு எண்ணைப் பதியச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். கணினியில் ஒரு குடும்பத்துக்கு ஒரு கட்டம்தான் இருக்கிறதாம், மென்பொருள் கொடுத்தவரிடம் சொல்கிறேன் என்றிருக்கிறார் அந்தத் தம்பி.