1930-க்கு அழைத்த பிறகு

ஆன்லைன் மோசடியில் பணம் பறிபோனால் சைபர் கிரைம் உதவி எண்ணான 1930-க்கு அழைக்கவேண்டும் என்பது இப்போது பலருக்கும் தெரிகிறது. அப்புறம் என்ன நடக்கும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. 2024-இல் தம்பிக்காக அலைந்தபோது எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அவன் கோவையில் பொறியியல் படிக்கிறான். ஓட்டல்களுக்கு ஸ்டார் போட்டால் காசு என்று ஒரு குழுவில் சேர்த்திருக்கிறார்கள். முதலில் 150 ரூபாய் உண்மையாகவே வந்தது. பிறகு, முன்பணம் கட்டினால் கூடுதல் கமிஷன் என்றார்கள். 38,000 போய்விட்டது, பாதி செமஸ்டர் கட்டணம். அப்பா திட்டுவார் என்று மறுநாள் வரை வாயே திறக்கவில்லை. திருடர்களுக்கு அந்த நேரம்தான் வேண்டும்.

1930-இல் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 12 இலக்க யுடிஆர் எண் (அந்தப் பரிமாற்றத்தை அடையாளம் காட்டும் எண்) கேட்டார்கள். ஸ்கிரீன்ஷாட்டில் அது பாதி வெட்டுப்பட்டிருந்ததால் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்துச் சொன்னோம். புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. அதை வைத்துத்தான் பணம் போன கணக்குகளைத் தேடி, எடுக்காமல் மிச்சம் இருப்பதை வங்கிகள் நிறுத்திவைக்கின்றன. எங்களுக்குக் கடைசியாக அனுப்பிய 17,000 மட்டும் சிக்கியது.

சிக்கிய பணம் அப்போது தானாகத் திரும்பி வரவில்லை. கோர்ட் உத்தரவு வேண்டும் என்றது வங்கி. சைபர் கிரைம் காவல் நிலையத்தில் வழி சொன்னார்கள்: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 503ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு. நம் அனுமதி இல்லாமல் கணக்கிலிருந்து பணம் போனால் நம் இழப்புக்கு வரம்பு வைக்கும் ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கையை வங்கியில் காட்டியும் பார்த்தேன். பின் நம்பரைத் தம்பியே அடித்து அனுப்பியதால் அது பொருந்தாது என்றார்கள். படித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான்.

நடுவில் ஒரு 'வக்கீல்' போன் செய்தார். 2,000 கட்டினால் முழுப்பணமும் மீட்டுத் தருவாராம். ஏமாந்தவன் நம்பரையும் விற்கிறார்கள் போல.

மனு போட்டு, இழுத்தடித்து, 17,000 வந்து சேர்ந்தது. மீதிக்கு வழக்கு நடக்கிறது.

அந்தப் பணம் நின்ற கணக்கு வெளிமாநிலத்தில் ஒரு கல்லூரி மாணவனுடையதாம். கமிஷனுக்காகக் கணக்கை வாடகைக்கு விட்டிருக்கிறான். கணக்கும் முடங்கியது, வழக்கிலும் பெயர் ஏறிவிட்டது. தம்பியின் போனைத் துழாவினால் அவனுக்கும் அதே அழைப்பு: பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் கொடுத்தால் மாதம் 5,000. அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகாரோடு சேர்த்துக் கொடுத்தோம்.